மேலிருந்து எடுத்த படம்

ஞாயிறு இரவு பதினொன்றே முக்கால்.
பதினாறு படங்கள் வந்து கிடக்கின்றன.
முதல் ஒன்பதும் கரும்பருந்து.
வால் நடுவில் லேசாகப் பிளந்து,
பின்னால் பெருங்குடிக் குப்பைமேட்டுப் புகையும் இருந்துவிட்டால்
படத்தைப் பெரிதாக்கக்கூட வேண்டாம்.
"கழுகுதானே மேடம்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.
இல்லை என்று எழுதும்போதெல்லாம்
யாரோ ஒருவரின் விடுமுறை நாளைக்
கொஞ்சம் சின்னதாக்கிவிடுகிறேன்.

பத்தாவது, சேற்றுப் பூனைப்பருந்து. பெண்.
பள்ளிக்கரணைக் கோரைக்கு ஒரு முழம் மேலே
இறக்கை இரண்டையும் சற்றே உயர்த்தி,
மழை வெள்ளத்தில் வேளச்சேரியைக் கடப்பவள்
புடவையைத் தூக்கிப் பிடித்த மாதிரி.

பதினொன்று, கம்பியில் இரட்டைவால் குருவி.
பன்னிரண்டு பறவையே இல்லை,
மாஞ்சா அறுந்த காத்தாடி.
அதற்கும் பெயர் எழுதி அனுப்பினேன்.

பகலில் மேடவாக்கம் எக்ஸ்ரே அறையில்
"மூச்ச இழுத்துப் பிடிங்க, ஆடாதீங்க" என்று
நாளுக்கு அறுபது முறை சொல்பவள்.
பருந்திடம் யார் போய்ச் சொல்வது?
ஆகவே எனக்கு வருவதெல்லாம்
ஆடிப்போன படங்கள்,
வெயிலுக்கு எதிரே கரிந்த உருவங்கள்.
இறக்கை நுனியில் விரல்போல் விரிந்தவற்றை எண்ணுவேன்.
ஐந்தா, ஆறா?
ஏழு என்றால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன்,
பெரும்புள்ளிக் கழுகாக இருக்கலாம்.
இதுவரை இரண்டு முறைதான் எழுந்திருக்கிறேன்.

பதின்மூன்றாவதில் தடுமாறினேன்.
வானமே இல்லை அதில்.
பறவைக்குப் பின்னால்
தண்ணீர் லாரி,
நீலத் தார்ப்பாய்,
கடுகளவில் ஒரு மஞ்சள் தலைக்கவசம்.
சாம்பல் பூத்த நீல முதுகு
கழுத்திலிருந்து வால்வரை திறந்து கிடந்தது.
பதினோரு வருடமாக அண்ணாந்து அண்ணாந்து
நான் கற்றதெல்லாம் அடிவயிறு.
முதுகுக்கு என்னிடம் சொல் இல்லை.

எங்கிருந்து எடுத்தீர்கள்?

தகரக் கொட்டகை மின்விசிறியின் இரைச்சலோடு
உடனே ஒரு குரல் வந்தது.
"பர்னபாஸ் பேசுறேங்க.
நாவலூர்ல டவர் கிரேன் ஓட்டுறேன்,
நாப்பத்தோராவது மாடிக்கும் மேல.
ஜிப்போட நுனியில வந்து குந்தும்.
புறாவப் புடிச்சா இங்கதான் உரிக்கும்,
எறகு பறந்துவந்து என் கண்ணாடியில ஒட்டும்.
கார்த்திகையிலேர்ந்து வருது."

கன்னத்தில் கறுப்பு இறங்கியிருக்கிறதா, மீசை மாதிரி?

"என்னப் பாக்கும்போது இருக்கு.
போன எடுத்தா முதுகக் காட்டிக்கும்."

பொரி வல்லூறு என்று எழுதினேன்.
பறவைகளில் இதைவிட வேகமாய் விழுவது வேறில்லை என்றும்
கேட்காமலே சேர்த்தேன்.
அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.
"ஒரு டவுட்டுங்க.
அது குந்தியிருக்கும்போது ஜிப்பத் திருப்பலாமா?
அதுக்குத் தலை சுத்துமா?
கம்பி ஏத்தணும்னு கீழேர்ந்து வாக்கிடாக்கில கத்துறாங்க.
நேத்து ஒன்பது நிமிஷம் நிறுத்திட்டேன்."

மெதுவாகத் திருப்புங்கள் என்று அடித்தேன்.
அழித்தேன்.
பறவைக்குத் தலை சுற்றாது என்று அடித்தேன்.
எனக்கு எப்படித் தெரியும்?
இறகை எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.
மிச்சம் மூன்று படங்களையும் பார்க்காமல் படுத்தேன்.

புதன்கிழமை விடுப்பு.
ஓஎம்ஆரில் பேருந்தை விட்டு இறங்கி
கையால் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றேன்.
ஐந்து கிரேன்கள்.
நான்கு திரும்பிக்கொண்டிருந்தன.
நின்றதன் நுனியில் ஏதோ ஒன்று,
ஒரு மரு அளவுக்கு.
மூச்சை இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தேன்.
அப்படியும் ஆடிவிட்டது.

வேறு யாராவது அனுப்பியிருந்தால்
சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும்
என்றுதான் எழுதியிருப்பேன்.